ஓட்டல் வேலைக்கு லாஸ் வேகஸா, ஓர்லாண்டோவா?

அமெரிக்காவில் ஓட்டல், உணவகம், கேசினோ, கேளிக்கைப் பூங்கா எல்லாவற்றையும் ஒரே துறையாகத்தான் கணக்கெடுக்கிறார்கள். அதற்குப் பேர்போன மாநிலங்கள் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவும், ஓர்லாண்டோ இருக்கும் புளோரிடாவும். இரண்டிலும் மாநில வருமான வரி இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் அறை துடைக்கும் பெண்மணிக்கு இரண்டு இடத்திலும் கையில் வருவது ஒன்றல்ல.

இந்தத் துறை ஊழியர்களின் எண்ணிக்கையில் புளோரிடா பக்கத்தில் நெவாடா நிற்கவே முடியாது: அங்கே 12 லட்சத்துக்கும் மேல், இங்கே சுமார் 3.5 லட்சம். ஆனால் நெவாடாவின் மொத்த வேலைகளில் இந்தத் துறையின் பங்கு நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு; புளோரிடாவில் எட்டில் ஒன்று. இதன் விலை 2020-ல் தெரிந்தது. கொரோனாவால் மார்ச்சில் மூடிய நெவாடா கேசினோக்கள் ஜூன் 4-ல்தான் திறந்தன. ஏப்ரலில் நெவாடாவின் வேலையின்மை 30 சதவீதத்தை ஒட்டிப் போனது. ஓர்லாண்டோவின் பெரிய கேளிக்கைப் பூங்காவான டிஸ்னி வேர்ல்டு ஜூலை 11 வரை பூட்டிக் கிடந்தும், மற்ற தொழில்கள் தாங்கியதால் புளோரிடா 14 சதவீதம் அளவோடு தப்பியது.

சரி, சம்பளத்துக்கு வருவோம். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் புளோரிடாதான் மேல். 2020-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த திருத்தத்தால் அங்கே குறைந்தபட்சக் கூலி ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் ஏறியது. 2025 செப்டம்பர் 30 முதல் மணிக்கு 14 டாலர், 2026 செப்டம்பர் 30 முதல் 15. நெவாடாவில் 12. ஆனால் புளோரிடாவில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி 3.02 டாலர் குறைத்துக் கொடுக்கலாம், அதாவது 10.98 போதும். நெவாடாவில் அந்தக் கழிவே கிடையாது; 12 முழுதாக வரும், டிப்ஸ் தனி. (2025-ல் வந்த டிப்ஸ் வருமான வரிச் சலுகை இரு ஊருக்கும் பொது.)

வேகஸில் சட்டத்தைவிட ஒப்பந்தம்தான் பேசும். சுமார் 60,000 பேர் கொண்ட ஓட்டல் ஊழியர்களின் கலினரி சங்கம் 2023 நவம்பரில் பெரிய கேசினோ நிறுவனங்களோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, சலுகைகளையும் சேர்த்து சராசரியாக மணிக்கு 26 டாலராக இருந்தது முடிவில் 35 டாலராகும். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதத் தவணை கட்ட வேண்டியதில்லை. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, அறைகளைத் தினமும் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற ஷரத்து. நாலு நாள் தொடாத அறையில் குப்பை, சோப்புக் கறை, துண்டு மலை எல்லாம் சேர்ந்திருக்கும்; அன்றைக்கு முடிக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கை மட்டும் குறையாது. தினசரி ஆட்களும் குறைவாகவே தேவைப்படுவார்கள். தினசரிச் சுத்தத்தைக் கட்டாயமாக்கியிருந்த மாநிலச் சட்டம் 2023-ல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு சங்கம் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஓர்லாண்டோவிலும் சங்கம் இல்லாமல் இல்லை. டிஸ்னி ஊழியர் சங்கங்கள் 2023-ல் குறைந்தபட்சம் 18 டாலர் வாங்கின. ஆனால் ஊர் முழுக்கச் சம்பளத்தை நிர்ணயிக்கும் பலம் அவற்றுக்கு இல்லை.

இப்போதைய போக்கு வேகஸுக்குச் சாதகமாக இல்லை. 2024-ல் டிராபிகானா, மிராஜ் என்ற இரண்டு கேசினோ ஓட்டல்கள் மூடின. மிராஜில் மட்டும் 3,000 பேருக்கு மேல் வேலை போனது; சங்கத்தினருக்கு ஒவ்வொரு பணியாண்டுக்கும் 2,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. அல்லது தொகையைக் குறைத்துக்கொண்டு, புது ஓட்டல் திறக்கும்போது பழைய சீனியாரிட்டியோடு திரும்பும் உரிமையை வைத்துக்கொள்ளலாம். 2025-ல் கனடாக்காரர்கள் வரத்துக் குறைந்தது. ஜூனில் மட்டும் மொத்தப் பயணிகள் 11 சதவீதம் சரிவு. அதே ஆண்டு மே 22-ல் ஓர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனத்தின் எபிக் யுனிவர்ஸ் கேளிக்கைப் பூங்கா திறந்தது, ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள்.

ஆக, முதல் வேலை தேடுபவர், அல்லது நடுவில் வேறு தொழிலுக்குத் தாவ நினைப்பவர் என்றால் ஓர்லாண்டோ. இதே வேலையில் பத்து இருபது வருஷம் ஓட்டப் போகிறவர் வேகஸின் பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் ஏதாவது ஒரு சங்க ஓட்டலில் நுழைந்துவிடப் பார்க்கட்டும், மந்தமான ஒன்றிரண்டு வருஷங்களைப் பொறுத்துக்கொண்டாவது. ஸ்ட்ரிப்புக்கு வெளியே, சங்கமில்லாத கேசினோவில் 12 டாலரை நம்பி வேகஸ் போவதற்கு மட்டும் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.