ரிப்பீட்டருக்குக் காது மந்தமா? நானோவிஎன்ஏ எச்4 எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

ஹாம் ரேடியோவில் ஒருவர் பேசுவதை வாங்கி, அதே நேரத்தில் வேறு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். எங்கள் 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் வட்டார) ரிப்பீட்டர் பேசுவது ரொம்ப தூரம் வரை தெளிவாகக் கேட்கும், ஆனால் ஊர் எல்லையில் ஹேண்டியோடு (கையடக்க ரேடியோ) நின்று கூப்பிடுபவரின் குரல் அதன் காதில் விழாது. இந்தக் கோளாறைத் தேடத்தான் நானோவிஎன்ஏ எச்4 வாங்கினோம்; ஆண்டெனா, ஃபில்டர் போன்றவை எந்த அலைவரிசையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று திரையில் வரைந்து காட்டும் சின்ன அளவுக்கருவி இது. ரிப்பீட்டர் பராமரிக்கும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம்.

அதற்கு முன்னால் இது இல்லாமலே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஐசோ-டீ (ரிசீவர் கேபிளில் சோதனை சிக்னலைக் கொஞ்சமாகக் கலக்கும் இணைப்பு) வழியாக மெல்லிய சிக்னலை ரிசீவருக்குள் விட்டு, இரைச்சலுக்கு நடுவே தட்டுத்தடுமாறிக் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். சிக்னல் இரைச்சலில் மூழ்கினால் அது டீசென்ஸ், அதாவது சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரின் காதை மந்தமாக்குவது. ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் விழுங்கும் சுமை) மாட்டியும் மூழ்குகிறதா, டூப்ளெக்ஸரையும் (ஒரே ஆண்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் ஃபில்டர்) அதை இணைக்கும் ஜம்பர் கேபிள்களையும் பாருங்கள். ஆண்டெனா மாட்டினால் மட்டும்தானா, அப்படியென்றால் கோபுரத்தில் ஏற வேண்டியதுதான்.

எங்களுக்கு டம்மி லோடிலேயே மூழ்கியது. நானோவிஎன்ஏவின் வேலை இங்கேதான். 50 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து வைத்தால் 401 புள்ளிகள் இருந்தும் ஒன்றுக்கொன்று 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி விழும், அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளுக்கு இடையே வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் நாட்ச் (சிக்னலை அடைக்கும் பள்ளம்) கண்ணிலேயே படாது. 145ஐ ஒட்டி 2 மெகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்து, அதே அகலத்தில் காலிபரேட் செய்துவிட்டு டூப்ளெக்ஸரின் கேவிட்டிகளை (ட்யூன் செய்யும் உலோகக் குடுவைகள்) ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் பாஸ் (சிக்னலைக் கடக்கவிடும் இடம்) எங்கே, நாட்ச் எங்கே என்று பளிச்சென்று தெரியும். ரிசீவர் பக்கத்துக் கேவிட்டி ஒன்றில் நாட்ச் டிரான்ஸ்மிட் அலைவரிசையை விட்டு நகர்ந்திருந்தது. ட்யூனிங் ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகத் திருக, பள்ளம் திரையில் நகர்ந்து தன் இடத்துக்கு வந்து நின்றது.

நம்பக்கூடாத வேலை இதுதான்: முழு டூப்ளெக்ஸரின் ஐசோலேஷனை, அதாவது டிரான்ஸ்மிட்டரை ரிசீவருக்குள் போகாமல் எவ்வளவு அடைக்கிறது என்பதை, இதில் அளப்பது. டிரான்ஸ்மிட்டரின் 40 வாட் என்பது 46 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ரிசீவர் கேட்க வேண்டிய 0.25 மைக்ரோவோல்ட் சிக்னல் மைனஸ் 119 டிபிஎம். இந்த 165 டெசிபல் வித்தியாசத்தைச் சமாளிப்பதில் டூப்ளெக்ஸர் தன் பங்குக்கு 80, 90 டெசிபல் வரை அடைக்க வேண்டும், ஆனால் இந்தக் கருவிக்கு 70 டெசிபலுக்குக் கீழே தன் சொந்த இரைச்சல்தான் தெரியும். தனிக் கேவிட்டிக்கு அது தாராளம். முழுசுக்கு மறுபடி அந்த ஐசோ-டீ சோதனைதான். அப்புறம், ஒற்றைப் பின்னல் கேபிளும் ஃபாயில் போட்ட எல்எம்ஆர்-400ம் டூப்ளெக்ஸர் ஜம்பருக்கு ஆகவே ஆகாது, ஆர்ஜி-400 அல்லது ஆர்ஜி-214 போடுங்கள்.

உள்ளே உலோகக் கவசம் இல்லாத மலிவு நகல்களை ஒதுக்கிவிடுங்கள். கனெக்டர் சின்ன எஸ்எம்ஏ, கனமான கேபிளை நேரடியாகத் தொங்கவிட்டால் ஆட்டம் கண்டுவிடும், அதனால் வாங்கும்போதே என்-டைப்புக்கு மாற்றும் குட்டைக் கேபிள் இரண்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.