காயலான் கடை ஜாய்ஸ்டிக், கையால் செய்த சிந்தசைசர்: நான்கு வருடக் கதை

என் மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனிப் பலகைகளை ஒயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணு வாத்தியம்) இதுவரை நான்கு ஜாய்ஸ்டிக் மாட்டியிருக்கிறேன். மூன்று உயிரோடு இருக்கின்றன. முதல் மாதமே இதை எழுத உட்கார்ந்திருந்தால் நான்கையும் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பேன். நான்கு வருடம் தள்ளிப்போட்டது நல்லதாகப் போயிற்று.

சிந்தசைசர் முழுக்க வீட்டில் செய்தது. யூரோராக் என்ற பொதுத் தர அளவு: 128.5 மில்லிமீட்டர் உயரப் பலகை, பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை, ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். கீபோர்டு கிடையாது. எனக்குக் கீபோர்டு வாசிக்க வராது, அதுதான் உண்மைக் காரணம். ஜாய்ஸ்டிக் வைக்கும் யோசனையும் என்னுடையது இல்லை. லண்டனில் இஎம்எஸ் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த விசிஎஸ்3-இன் முகப்பிலேயே ஒரு ஜாய்ஸ்டிக் உண்டு. ஒரே கையசைவில் இரண்டு வோல்ட்டேஜ் மாறும். நாதத்தின் கூர்மையை மாற்றும் வடிகட்டியைத் திறந்துகொண்டே எதிரொலியையும் கூட்டலாம். தனித்தனிக் குமிழ் இரண்டைத் திருகினால் அந்த இழைவு வராது.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். பழைய அடாரி வகை ஜாய்ஸ்டிக்கில் உள்ளே இருப்பது வெறும் சுவிட்சுகள்: மேல், கீழ், இடம், வலம், ஒரு பொத்தான். வோல்ட்டேஜ் படிப்படியாக மாறாது. சென்னை ரிச்சி தெருவில் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, வீட்டில் திறந்து பார்த்து அசடு வழிந்தேன். அது நான்கில் சேர்த்தி இல்லை.

முதலில் மாட்டியது கணினி விளையாட்டு ஜாய்ஸ்டிக், 15 பின் கேம் போர்ட் காலத்தது. காயலான் கடையில் கீபோர்டுக் குவியலுக்கு அடியில் கிடந்தது. உள்ளே இரண்டு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (கடைக்காரர் பாஷையில் 'வால்யூம் கன்ட்ரோல்'). மூன்று காலில் இரண்டுக்குத்தான் ஒயர் போயிருக்கும், ஏனென்றால் கணினி அதை வெறும் மாறும் மின்தடையாகத்தான் படித்தது. மூன்றாவது காலுக்கு நாமே ஒயர் வைத்து, ஒரு ஓரத்துக்குப் பிளஸ் 5, மறு ஓரத்துக்கு மைனஸ் 5 கொடுத்தால், தண்டு நடுவில் நிற்கும்போது வோல்ட்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். அந்த 5 வோல்ட்டை வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் 78எல்05, 79எல்05 ரெகுலேட்டரிலிருந்து எடுங்கள். 12 வோல்ட் லைனிலிருந்து நேரே எடுத்தபோது எல்எஃப்ஓவின் (மெதுவாக ஏறி இறங்கும் அலையை உண்டாக்கும் பலகை) விளக்கு மினுக்குவதெல்லாம் சுருதியில் கேட்டது.

பஃபர் (அடுத்த பலகை வோல்ட்டேஜை இழுத்துக் குறைக்காமல் இடையில் நிற்கும் சர்க்யூட்) இல்லாமல் மாட்டியது அடுத்த முட்டாள்தனம். அடுத்த பலகையின் 100 கிலோ ஓம் உள்ளீட்டில் அப்படியே செருகினால் நடுவிலும் ஓரங்களிலும் அளவு சரியாக இருக்கும். கால்வாசி, முக்கால்வாசித் தூரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். 'என்ன, கை ஒரு மாதிரி வழுக்குகிறதே' என்று இரண்டு மாதம் தண்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பஃபராக ஒரு டிஎல்072 ஐசி போட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம் கை நடுக்கம். ஒரு அரைச்சுரம் என்பது சுமார் 83 மில்லிவோல்ட்தான். பிளஸ் மைனஸ் 5 வோல்ட்டையும் சுருதிக்குக் கொடுத்தால் பத்து ஸ்தாயி ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மூச்சு விட்டாலே சுரம் மாறும். நடுக்கத்தை அடக்க நடுக்காலில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன். நடுக்கம் போயிற்று, கூடவே கமகமும் போயிற்று! தண்டு நடுவில் இருக்கும்போது அந்தக் கெப்பாசிட்டர் சுமார் 6 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதையெல்லாம் மழுக்குகிறது. வேகமாகக் கையை அசைக்கும் கமகமும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. 0.1-க்கு மாற்றி, வீச்சை மேலும் கீழும் இரண்டு சுரத்துக்குள் சுருக்கிய பிறகுதான் அது வாத்தியம் மாதிரி நடந்துகொண்டது. இன்றும் ஓடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடிக்கிறேன், அவ்வளவுதான் பராமரிப்பு.

இரண்டாவது, கேம் பேடிலிருந்து கழற்றிய கட்டைவிரல் தண்டு. 10 கிலோ ஓம், சின்னது, முகப்பில் அழகாக உட்காரும். ஏழு மாதம்தான் தாங்கியது. விட்டால் நடுவுக்குத்தான் திரும்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு நடுவுக்கு. முழு வீச்சில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால்கூட 200 மில்லிவோல்ட், அதாவது இரண்டு அரைச்சுரத்துக்கும் மேல். விளையாட்டில் மென்பொருள் அந்தப் பிசகைக் கண்டுகொள்ளாமல் விடும். சுருதியை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. கடைசியில் கார்பன் தடம் தேய்ந்து கரகரவென்று ஆனது. சுருதிக்கு இதை வைக்காதீர்கள்.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை: பொம்மை விமானம் ஓட்டும் ரேடியோ ரிமோட், போர்டு கருகிப்போனது. எனக்கு வாய்த்ததில் இதுதான் லாட்டரி. வலது தண்டில் இரண்டு திசைக்கும் ஸ்பிரிங், விட்டதும் நடுவுக்கு ஓடிவரும். இடது தண்டின் மேல் கீழ் அசைவு என்ஜின் வேகத்துக்கானது, அதற்கு ஸ்பிரிங் இல்லை. வைத்த இடத்தில் நிற்கும். பொட்டென்ஷியோமீட்டர் 5 கிலோ ஓம். தண்டு அசைவது சுமார் 60 பாகைதான், பொட்டென்ஷியோமீட்டரோ 270 பாகை சுற்றக்கூடியது. ஆகவே 10 வோல்ட் கொடுத்தால் 2.2 வோல்ட்தான் வெளியே வரும். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசியில் நான்கரை மடங்கு பெருக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் புழங்கிய பிறகுதான் புரிந்தது: இத்தனை நாள் ஓம் கணக்குப் பார்த்ததற்குப் பதில் ஸ்பிரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். சுருதிக்கு ஸ்பிரிங் வேண்டும். வீணையில் தந்தியை இழுத்து விட்டால் தானாகச் சுரத்துக்குத் திரும்புகிறதே, அதே சுகம். தோடி காந்தாரத்தை அசைத்துப் பார்த்தேன். சங்கீதக்காரர்கள் முன்னால் வாசிக்கும் தைரியம் இல்லை, ஆனால் வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை. வடிகட்டிக்கு நேர்மாறு. ஸ்பிரிங் இருந்தால் நாதத்தைப் பிடித்து வைக்க ஒரு கை அங்கேயே சிறைப்பட்டுவிடும், பலகைகளை இணைக்கும் பேட்ச் கேபிளை மாற்ற முடியாது. அதனால் இடது தண்டின் பக்கவாட்டு ஸ்பிரிங்கையும் கழற்றிப் போட்டேன். 'கட கட' என்று படி விழ வைக்கும் தகட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டேன், வழவழப்பாக வந்தது.

ஒரு பாவமும் செய்தேன். இறுகியதுபோல் தோன்றவே துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டேன். உள்ளே இருந்த கெட்டி கிரீஸ் கரைந்து ஓடி, தண்டு தொளதொளவென்று ஆடியது. கிரீஸ் வாங்கித் தடவிச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது மேசையில் சிசிடிவி கேமராவைத் திருப்பும் கன்ட்ரோலரின் தண்டு ஒன்று கிடக்கிறது. மேல் கீழ், இடம் வலம் போக, தலையைத் திருகினால் மூன்றாவது வோல்ட்டேஜ். அதில் மூன்றுக்குமே ஸ்பிரிங். எதைக் கழற்றுவது என்று முடிவாகவில்லை, அதனால் முகப்பில் இன்னும் ஓட்டை போடவில்லை.