நூறு பிரவுன் பேப்பர் பையும் நாலு மாதமும்

சாமான் தூக்கத்தான் இந்த நூறு பைக் கட்டை வாங்கினேன். அந்த வேலையில் முதல் நாளே கைவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு பாட்டில்களை வைத்துப் படியிறங்கும்போது அடிப்பக்கம் நமத்துப் பிய்ந்துகொண்டது. இந்தக் காகிதத்துக்கு ‘கிராஃப்ட்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் வலிமை என்று அர்த்தமாம். நனையாத வரைக்கும் சரி.

மிச்சம் 99 பை வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் இதன் அருமை தெரிந்தது.

மேசை விரிப்பில் மெழுகுவர்த்தி சிந்தி உறைந்திருந்தது. ஸ்பூன் விளிம்பால் மேலாகச் சுரண்டிவிட்டு, துணிக்குக் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு பையை வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். மெழுகு இளகி, காகிதத்தில் எண்ணெய்க் கறை போலக் கருத்து ஏறியது. இடத்தை மாற்றி மாற்றி நாலு தடவை. அப்புறம் காகிதத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஒரே ஒரு தப்புச் செய்தேன். அச்சடித்த பக்கம் துணியில் படும்படி வைத்துவிட்டேன். மெழுகு போன இடத்தில் இப்போது பாதி முத்திரை, அதுவும் இடவலம் மாறி. வெற்றுப் பக்கத்தையே வையுங்கள்.

கல் மாதிரி இருந்த அவகாடோவை ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வாயை மடித்து வைத்தால் இரண்டு நாளில் அமுங்குகிறது. பழம் விடும், பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு உள்ளேயே சுற்றுகிறது, ஈரம் மட்டும் காகிதம் வழியாக வெளியேறுகிறது. பிளாஸ்டிக் பையில் வைத்தபோது வியர்த்துப் பூசணம் பிடித்தது. தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் மறந்த பையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

புதினாக் கட்டைத் தலைகீழாக உள்ளே விட்டு, காம்போடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, பென்சிலால் நாலைந்து ஓட்டை குத்தித் தொங்கவிட்டேன். காய்ந்து உதிரும் இலை பைக்குள்ளேயே விழுகிறது, தரை பெருக்கும் வேலை மிச்சம்.

வாயை இரண்டு மடிப்பு வெளியே மடித்தால் மேசை மேல் குப்பைத்தொட்டியாகத் தானே நிற்கும். அந்தத் தட்டையான அடிக்கு மார்கரெட் நைட் என்ற பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். அதைச் செய்யும் இயந்திரத்துக்கு 1871-ல் காப்புரிமை வாங்கியவர். நிறைந்ததும், உள்ளே இருப்பது காய்கறித் தோல் மட்டும் என்றால், பையோடு கிழித்து உரக்குழியில் போட்டுவிடலாம். பளபளப்புப் பூச்சு உள்ள பை மக்காது.

கண்ணாடி ஜன்னல் துடைக்க உதவும் என்றார்கள். எனக்கு முரடாகத்தான் இருந்தது, பழைய பனியன் துணியே தேவலை. மைக்ரோவேவுக்குள் மட்டும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம்.

ஐந்துக்கு நாலு மதிப்பெண். பைக் கட்டு வாங்கினால் உலர்ந்த இடத்தில் வையுங்கள். என்னுடையதில் பசை ஒட்டிய ஓரமாகப் பார்த்து ராமபாணப் பூச்சி ஏழு பையை அரித்துவிட்டது.