பேட்ரியான்: பத்து சதவீதம் போக கையில் எவ்வளவு நிற்கும்?

விளம்பரக் காசை மட்டும் நம்பினால் போதாது என்று தெரிந்ததும் வீடியோ, பாட்காஸ்ட், எழுத்து எனப் பல துறைக்காரர்களும் முதலில் எட்டிப்பார்ப்பது பேட்ரியானைத்தான். 2013-இல் ஜாக் கான்டேவும் சாம் யாமும் தொடங்கிய சேவை இது. ரசிகர் மாதாமாதம் சந்தா கட்டுவார், நீங்கள் அவருக்கென்று தனியாக ஏதாவது கொடுப்பீர்கள். ஏற்பாடு அவ்வளவுதான். நல்ல சேவை, சந்தேகமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவருமா என்று பார்க்கக் கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

2025 ஆகஸ்டுக்குப் பிறகு பக்கம் திறப்பவர்களுக்குக் கமிஷன் 10 சதவீதம். அதற்கு முன்பே இருந்தவர்கள் பழைய திட்டத்தில் தொடர்கிறார்கள். இதன் மேல் பணம் வசூலிக்கும் செலவு தனி: டாலரில் கட்டும் சந்தாவுக்குப் பொதுவாக 2.9 சதவீதமும் 30 சென்டும். இந்த 30 சென்டில்தான் விஷயமே இருக்கிறது. 5 டாலர் சந்தாவில் 50 சென்ட் கமிஷன், ஏறக்குறைய 45 சென்ட் வசூல் செலவு; உங்களுக்கு வருவது 4.05 டாலர். அதாவது பிடித்தம் 10 அல்ல, கிட்டத்தட்ட 19 சதவீதம். அதுவே 10 டாலர் சந்தா என்றால் 8.41 டாலர் வரும், பிடித்தம் 16 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ரசிகர் வேறு நாணயத்தில் கட்டினால் மாற்றுக் கட்டணமாக இன்னொரு 2.5 சதவீதம் போகும். ஆகவே ஒரு டாலர், இரண்டு டாலர் அடுக்குகளை (சந்தா நிலைகளை) வைப்பதில் பெரிய லாபமில்லை. ஆள் எண்ணிக்கை கூடும், பணம் கூடாது.

சின்ன சந்தாவில் இந்த 30 சென்ட் போன்ற மாறாத கட்டணம் என்ன செய்யும் என்பதை பேட்ரியானே 2017 டிசம்பரில் பட்டுத் தெரிந்துகொண்டது. வசூல் செலவை ரசிகர் தலையில் கட்டலாம் என்று, ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்டும் கூடுதலாக வாங்கப்போவதாக அறிவித்தார்கள். பல பேருக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஒவ்வொரு டாலரும் 1.38 ஆகியிருக்கும். ஆட்கள் கூட்டமாகச் சந்தாவை நிறுத்தத் தொடங்க, ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது ஐபோன் ஆப். அதற்குள்ளேயே ஆப்பிள் வழியாகச் சந்தா கட்டினால் முதல் ஆண்டில் ஆப்பிள் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். இதற்கு பேட்ரியான் இரண்டு வழி தருகிறது: ஆப்பில் மட்டும் விலையை ஏற்றி வைக்கலாம், அல்லது அந்த இழப்பை நீங்களே தாங்கலாம். விலையை ஏற்றுவதுதான் சரி. 10 டாலர் குறையாமல் இருக்க ஆப்பில் 14 டாலருக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும். ரசிகருக்கு இது பிடிக்காது, நியாயம்தான். அதனால் சந்தா இணைப்பைப் பகிரும் இடத்திலெல்லாம் “பிரவுசரில் திறந்து சேருங்கள்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஒருமுறை பிரவுசரில் சேர்ந்தவர் அதன் பிறகு ஆப்பில் பார்ப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

சேனலிலேயே மாதப் பணம் கட்டி உறுப்பினராகும் யூடியூப் மெம்பர்ஷிப்போடு ஒப்பிட்டால்? யூடியூப் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 5 டாலரில் 3.50 மிஞ்சும், வரி போன்றவை தனி. ஆளுக்கு ஆள் பார்த்தால் பேட்ரியான்தான் மேல். ஆனால் ‘ஜாயின்’ பட்டன் வீடியோவுக்குக் கீழேயே இருக்கிறது. ரசிகர் வேறு தளத்துக்குப் போய்ப் புதுக் கணக்கு தொடங்கி அட்டை எண்ணைத் தட்ட வேண்டியதில்லை. பேட்ரியானில் 100 பேர் தரும் பணத்தை யூடியூபில் 116 பேர் தந்துவிடுவார்கள். அந்தப் பதினாறு பேரை அந்தப் பட்டன் கொண்டுவந்துவிடும் என்பதே என் கணிப்பு. தகுதி வரம்பும் முன்பைவிடக் குறைவு: 500 சப்ஸ்கிரைபர், கடைசி 90 நாளில் மூன்று பொது வீடியோ, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வை. குழந்தைகளுக்கானது என்று குறித்த சேனலுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது.

அப்படியானால் பேட்ரியான் எதற்கு? உறுப்பினர் பட்டியலுக்காக. அதை உறுப்பினர் பக்கத்தில் சி.எஸ்.வி கோப்பாக (எக்செலில் திறக்கும் அட்டவணையாக) இறக்கிப் பாருங்கள்: பெயர், மின்னஞ்சல், எந்த அடுக்கு, எப்போது சேர்ந்தார், இதுவரை எவ்வளவு கட்டினார், கடைசி வசூல் நடந்ததா இல்லையா, எல்லாம் வரிவரியாக இருக்கும். யூடியூபில் உறுப்பினரின் மின்னஞ்சல் உங்கள் கைக்கு வராது. சேனல் முடங்கினால் அவர்களைத் தொடர்புகொள்ள வழியே இல்லை. பேட்ரியான் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி வைப்பதைக் கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு குறை உண்டு. மின்னஞ்சல்தான் கைக்கு வரும், அட்டை விவரம் வராது. வேறு தளத்துக்கு மாறினால் ஒவ்வொருவரும் புதிதாகக் கட்டிச் சேர வேண்டும், பாதிப் பேர் வழியிலேயே நின்றுவிடலாம். இந்த ஒரு விஷயத்தில், கட்டுரைகளை மின்னஞ்சலில் அனுப்பிச் சந்தா வாங்கும் தளமான சப்ஸ்டாக் ஒரு படி மேல். அங்கே பணம் ஸ்ட்ரைப் என்ற வசூல் சேவையில் உள்ள உங்கள் சொந்தக் கணக்கில்தான் விழுகிறது, தளம் மாறினாலும் அந்தக் கணக்கு உங்களோடே இருக்கும். எழுத்து மட்டுமே உங்கள் வேலை என்றால் அங்கேயே போகலாம்.

அதே சி.எஸ்.வியில் வசூல் தோல்வி என்று இருப்பவர்களைத் தனியாக வடிகட்டிப் பாருங்கள். விட்டுப்போனவர்கள் என்று நாம் நினைப்பவர்களில் பலர் உண்மையில் போகவில்லை. அட்டை காலாவதியாகியிருக்கும், அல்லது வங்கி மறுத்திருக்கும். பேட்ரியான் தானாக மறுபடி முயன்று மின்னஞ்சலும் அனுப்பும், ஆனால் அந்தத் தானியங்கி மடலை யார் படிக்கிறார்கள்? நீங்களே இரண்டு வரி எழுதினால் பதில் வரும்.

அமைக்கும்போது அடுக்குகளை இரண்டு, மிஞ்சினால் மூன்றோடு நிறுத்துங்கள். ஏழெட்டு அடுக்கு வைத்தவர்கள், யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தாங்களே குழம்புவார்கள். டி-ஷர்ட், அஞ்சலட்டை, கோப்பை என்று பொருள் அனுப்பும் வாக்குறுதி வேண்டவே வேண்டாம். தபால் செலவும் பொட்டலம் கட்டும் நேரமும் சந்தாவைத் தின்றுவிடும். கூடுதல் உழைப்பு இல்லாத சலுகைகளே நீடிக்கும்: வீடியோ மூன்று நாள் முன்கூட்டியே, வெட்டாத முழுப் பேட்டி, வேலைக் கோப்புகள், டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் தனி அறை. டிஸ்கார்டை இணைத்துவிட்டால் சந்தா நின்றதும் அனுமதியும் தானாகவே போய்விடும், கைவேலை மிச்சம். பாட்காஸ்ட் செய்பவர்களுக்கு புது அத்தியாயங்களைத் தானாகக் கொண்டுவரும் ஆர்.எஸ்.எஸ் இணைப்பு ஆளாளுக்குத் தனியாகக் கிடைக்கிறது. அதை வழக்கமான பாட்காஸ்ட் ஆப்பிலேயே போட்டுக் கேட்கலாம். என்னைக் கேட்டால், பேட்ரியானில் உள்ளவற்றில் இதுதான் மிகப் பயனுள்ள வசதி.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: புது ஆட்களை பேட்ரியான் கொண்டுவந்து சேர்க்காது. கூட்டம் ஏற்கெனவே வேறெங்காவது இருந்தால்தான் இங்கே வசூல். தொடர்ந்து கொடுக்க உங்களிடம் சரக்கு இல்லையென்றால் சந்தா முறைக்கே போக வேண்டாம். ஒரு டெம்ப்ளேட், ஒரு பாடத் தொகுப்பு, ஒரு எழுத்துரு என்று ஒருமுறை விற்பதற்கு கம்ரோட் என்ற விற்பனைத் தளம் போதும். அங்கே நேரடி விற்பனைக்கு 10 சதவீதமும் 50 சென்டும், அவர்களுடைய சந்தைப் பக்கம் வழியாக விற்றால் 30 சதவீதமும் பிடிப்பார்கள். 2025 தொடக்கத்திலிருந்து விற்பனை வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். 2 டாலர் பொருளில் குறைந்தது 70 சென்ட் போய்விடும் என்பதால், சின்னச் சின்னதாக விற்காமல் நாலைந்தைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விலை வையுங்கள். ரசிகர் அவ்வப்போது அன்பாகக் கொடுக்கும் சில்லறைக்கு கோஃபி என்ற நன்கொடைத் தளம். ஒருமுறை நன்கொடைக்கு அங்கே தளக் கமிஷன் இல்லை, பணம் நேராக உங்கள் பேபால் அல்லது ஸ்ட்ரைப் கணக்குக்குப் போகும்.

ஆண்டுச் சந்தா வசதியைத் திறக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். 30 சென்ட் பன்னிரண்டு முறைக்குப் பதில் ஒரே முறைதான் பிடிபடும், நல்லதுதான். ஆனால் வாங்கிய பணம் பன்னிரண்டு மாத வேலைக்கான கடன். ஆறாம் மாதம் சோர்ந்துபோய் பக்கத்தை மூடினால் மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்குள் அது செலவாகியிருக்கும். மாதச் சந்தாவை விடாமல் ஓர் ஆண்டாவது நடத்திவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.