நேரடி இன்ஸ்டாலா, டாக்கரா, கிளவுடா?

பெங்களூரில் வேலைக்குச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் வாரம் புராஜெக்ட்டை லேப்டாப்பில் ஓட வைப்பதிலேயே போய்விடுகிறது. டீம் சாட்டில் ஒருவர் "டாக்கர்ல போடு" என்பார், இன்னொருவர் "நேரா இன்ஸ்டால் பண்ணு" என்பார். டாக்கர் என்பது ஒரு புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் மென்பொருள். இரண்டு வழியும் சரிதான். மூன்றாவதாக, இணையத்தில் உள்ள மெஷினில் ஓட்டும் கிளவுட் வழியும் உண்டு. எந்த வழியில் என்ன தொல்லை வரும் என்று தெரிந்திருந்தால் தேர்வு சுலபம்.

வேகத்தில் நேரடி இன்ஸ்டாலை எதுவும் மிஞ்சாது. 8 ஜிபி ரேம் லேப்டாப்புக்கு இதுவே உகந்தது. பிழை தேடும் கருவியான டீபக்கரும் சிரமமில்லாமல் இணையும். சிக்கல் இரண்டாவது புராஜெக்ட்டில் ஆரம்பிக்கும். ஒன்று ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்டின் (Node.js) 16-ஆம் வெர்ஷனைக் கேட்கும், மற்றது 20 கேட்கும். அதற்கு, நோட் வெர்ஷன்களை மாற்றித் தரும் என்விஎம் என்ற கருவி இருக்கிறது. பைத்தானில் புராஜெக்ட்டுக்கு ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (பேக்கேஜ்களுக்கான தனி இடம்) கட்டாயம். சிஸ்டம் பைத்தானில் பேக்கேஜ்களைக் கொட்டினால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. மேக்கில் ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதுபவர்கள் இன்னொன்றிலும் மாட்டுவார்கள். 2021-இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரே முதல், மற்ற சாதனங்களிலிருந்து படமும் ஒலியும் வாங்கும் ஏர்ப்ளே ரிசீவர் 5000 போர்ட்டை (புரோகிராம்கள் இணைப்புக்குப் பயன்படுத்தும் எண்) பிடித்துக்கொள்கிறது. ஃபிளாஸ்க் வழக்கமாகத் தேடுவதும் அதே 5000-ஐத்தான். செட்டிங்ஸில் அந்த ரிசீவரை அணைக்கலாம், இல்லையென்றால் வேறு போர்ட் கொடுக்கலாம்.

2013-இல் வெளிவந்த டாக்கர், வெர்ஷன் சண்டையை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஆனால் அது தனக்கென்று சில தொல்லைகளையும் கொண்டுவருகிறது. மேக்கிலும் விண்டோஸிலும் கன்டெய்னர்கள் ஒரு லினக்ஸ் வெர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகின்றன. ரேம் அங்கேதான் கரைகிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருப்பவர்கள் கோட் ஃபைல்களை சி டிரைவில் வைத்துவிட்டு, எல்லாம் மெதுவாக ஓடுகிறது என்று டாக்கரைத் திட்டுவார்கள். அந்த ஃபைல்களை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு மாற்றினாலே வேகம் திரும்பிவிடும். எம்1 போன்ற ஆப்பிள் சிப் உள்ள மேக்கில், இன்டெல் வகைக்கு மட்டும் கட்டிய இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) எமுலேஷனில், அதாவது வேறு சிப் போல நடிக்க வைத்து ஓட்டும்போது, தவழும். ஆப்பிள் சிப்புக்கு ஏற்ற ஆர்ம் இமேஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் அதிகம் பார்க்கும் எர்ரர் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு'. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் லேப்டாப்பை அல்ல. வேறு கன்டெய்னரோடு பேச, கன்டெய்னர்களைப் பட்டியலிடும் கம்போஸ் ஃபைலில் உள்ள சர்வீஸ் பெயரைக் கொடுக்க வேண்டும். இதைவிடக் கள்ளத்தனமானது ஒன்று உண்டு: லேப்டாப்பில் பழைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒன்று 5432 போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும், கன்டெய்னரும் அதே எண்ணில் நிற்கும். மேக்கில் சில சமயம் போர்ட் மோதல் என்ற எர்ரரே வராது, பாஸ்வேர்டு தவறு என்று மட்டும் வரும். அப்ளிகேஷன் போய்ப் பேசுவது பழைய போஸ்ட்கிரெஸிடம்! கன்டெய்னரை வெளியே 5433-க்கு மாற்றிப் பாருங்கள்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் லைசென்ஸையும் கவனியுங்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனமோ, ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டிய நிறுவனமோ டாக்கர் டெஸ்க்டாப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பெங்களூரில் பெரும்பாலான பெரிய ஐடி கம்பெனிகள் இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஐடி டீமிடம் கேட்காமல் போட வேண்டாம்.

கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் மாதிரி கிளவுட் வழியில் லேப்டாப்பின் ரேம் ஒரு பிரச்சினையே இல்லை. தனிநபர் இலவசக் கணக்கில் 2 கோர் மெஷின் மாதம் 60 மணி நேரம் கிடைக்கும். பழகிப் பார்க்கப் போதும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் மதுரை பஸ் ஏறினால், சிக்னல் போகும் இடத்தில் வேலையும் நின்றுவிடும். அவசர பக் வரும் டீமில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

என் தேர்வு பாதிக்குப் பாதி. கோடும் அதை ஓட்டும் ரன்டைமும் (நோட், பைத்தான் போன்றவை) லேப்டாப்பில் நேரடியாக. டேட்டாவைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் இரண்டும் டாக்கரில். கோடு மாற்றியதும் உடனே தெரியும், டீபக்கரும் ஒழுங்காக நிற்கும், டேட்டாபேஸ் கெட்டுப்போனால் அதன் டேட்டா இருக்கும் வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பலாம். 16 ஜிபி ரேம் இருந்தால் இது தாராளம். 8 ஜிபிதான் என்றால் டபிள்யூஎஸ்எல்லுக்கு ரேம் வரம்பு போடுங்கள், சர்வீஸ்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா போன்ற கனமானதை டீமின் பொது டெவ் சர்வரில் விட்டுவிடுங்கள்.