மலைச்சரிவில் ஒரு மழைமானி: இரண்டு பனிக்காலம் வைத்துப் பார்த்த பிறகு

கட்டபெட்டிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் எங்களுக்கு ஒன்றேமுக்கால் ஏக்கர் தேயிலை. மேல் வரப்பைத் தாண்டினால் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கலந்த காடு, அதன் ஓரம் முழுக்க உண்ணிச்செடி. டிசம்பர் பாதியில் மழை விட்டால், கோடை மழை எட்டிப் பார்க்கும் வரை அந்த ஓரத்தின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பக்கம் காடு பல நாள் எரிந்ததையும், விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு போய் ஊற்றியதையும் பார்த்த பிறகு, மழையைக் குத்துமதிப்பாகப் பேசுவதை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படி வாங்கியதுதான் இந்த மழைமானி.

பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. கண்ணால் பார்த்துப் படிக்கிற பிளாஸ்டிக் குழாய். விலை 1,650 ரூபாய். கூரியர் எங்கள் ஊர் வரை வருவதில்லை என்பதால் கோத்தகிரிக்குப் போய் வாங்கி வந்தேன். வெளியே ஒரு பெரிய குழாய், உள்ளே ஒல்லியாக ஒரு குழாய், மேலே 10 செ.மீ. வாயுள்ள புனல். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் உள்குழாய். அதனால் 1 மி.மீ. மழை உள்ளே 1 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை வாங்கலாம். நவம்பரில் கொட்டுகிற மழையை எந்த டப்பாவிலும் பிடித்து அளந்துவிடலாம். ஜனவரியில் பெய்கிற அரை மில்லிமீட்டரை இப்படிப் பெரிதாக்கிக் காட்டினால்தான் தெரியும். உள்குழாய் 25 மி.மீ. வரை பிடிக்கும், அதற்கு மேல் வழிவது வெளிக்குழாயில் நிற்கும். அதை எடுத்து உள்குழாயில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்ட வேண்டும்.

அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவர் இன்றும் மழையைச் சென்ட் கணக்கில்தான் பேசுவார். நூறு சென்ட் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மி.மீ. எஸ்டேட் ஆபீஸ் முன்னால் செம்பில் ஒரு மழைமானி இருந்ததாகவும், காலையில் முதல் வேலையே அதைப் பார்த்து எழுதுவதுதான் என்றும் சொல்வார். இதில் இஞ்சும் மில்லிமீட்டரும் இரண்டு பக்கமும் அச்சடித்திருப்பதால் அவருக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

போனிலேயே மழை தெரிகிறதே, இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். நீலகிரியில் இருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஊரையே மூழ்கடிக்கும்போது எங்கள் பக்கம் தூறலும் காற்றும்தான் இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. எங்களுக்கும் குன்னூருக்கும் பெரிய மழை என்றால் அது வடகிழக்கில்தான். மசினகுடிக்கு இரண்டுமே குறைவு. மாவட்டத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று செய்தியில் வருகிற எண்ணை வைத்துக்கொண்டு என் வரப்பு ஈரமா காய்ச்சலா என்று எப்படிச் சொல்வது? போன ஜனவரியில் ஒரு நாள் போன் ஆப் 4 மி.மீ. என்று காட்டியது. எதிர் மலையில் மேகம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். என் குழாயில் 0.4 இருந்தது.

இன்னொன்றும் இதை வைத்துத்தான் எனக்கு உறைத்தது. வருடத்து மொத்த மழை நன்றாக இருந்தால் தீப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அது தப்பு. அக்டோபர், நவம்பரில் நன்றாகப் பெய்தால் காட்டோரப் புல் இடுப்பளவு வளர்கிறது. டிசம்பர் கடைசியில் உறைபனி விழுந்து அந்தப் புல் கருகுகிறது. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் அதுவே விறகாகிவிடுகிறது. அதனால் நோட்டில் மொத்த மழையைவிட ஒரே ஒரு தேதியைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்: கடைசியாக 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தது என்றைக்கு? வானிலைத் துறை ஒரு நாளை மழை நாள் என்று கணக்கில் எடுக்கிற அளவு அது. அந்தத் தேதியிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு வருகிறேன். அளவு எடுப்பதும் அவர்களைப் போலவே காலை எட்டரைக்கு. ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் பார்த்து எழுதிவிடுவாள், லீவு நாளில் நான்.

உறைபனிக் காலத்தில் இதை எப்படி வைத்துக்கொள்வது என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. தோட்டத்தின் கீழ்ப் பள்ளத்தில்தான் குளிர் காற்று தேங்கி உறைபனி விழும், மேல்பக்கம் தப்பிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதல் வருடம் இடம் வசதியாக இருக்கிறதே என்று பள்ளத்து ஓரத்தில் நட்டேன். ஒரு காலை போனபோது புல்லெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளை, காலை வைத்தால் நொறுங்குகிறது. புனல் விளிம்பில் வளையமாக ஐஸ். உள்ளே மீதியிருந்த தண்ணீர் உறைந்து, குழாயின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். விரலை வைத்துத் தடவினால்தான் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்து கசிவு. தனிக் குழாய் கேட்டால் விற்பதில்லை என்று பதில் வந்தது. பசை வைத்து அடைத்து ஓட்டுகிறேன். ஆகவே பனி மாதங்களில் புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வெளிக்குழாயை மட்டும் விடுங்கள். மழை வந்தால் அதில் சேர்ந்ததை உள்குழாயில் ஊற்றி அளந்துகொள்ளலாம். உறைபனி உருகி நிற்கிற சொட்டை மழை என்று எழுதக் கூடாது. நாங்கள் அதைத் தனியாகப் 'பனி' என்று குறித்துக்கொள்கிறோம்.

இதற்கு முன் டிஜிட்டல் மானி ஒன்று வைத்திருந்தேன். அதன் விலை இதைப்போல மூன்று மடங்கு. உள்ளே சின்ன வாளி ஒன்று நிரம்பி நிரம்பிக் கவிழும், அதை எண்ணிச் சொல்லும். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் பனிக்காலத் தூறலில் வாளி நிரம்பும் முன்பே தண்ணீர் காய்ந்துபோகும், அன்றைக்கு 0 என்று காட்டும். அடித்துப் பெய்தாலோ எண்ணிக்கை பின்தங்கும். சிலந்தி வலை கட்டினால் மூன்று நாளைக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கு வேண்டியதோ அந்தச் சின்ன எண்கள்தான்.

அந்தச் சின்ன எண் எதற்கு ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போன பிப்ரவரியில் வரப்போரம் உண்ணிச்செடியை வெட்டிக் குவித்திருந்தோம், நானும் பக்கத்துத் தோட்டக்கார அண்ணனும். இரவு தகரத்தில் மழைச் சத்தம் கேட்டது. காலையிலேயே அவர் வந்துவிட்டார். "நேத்து பேஞ்சுதேப்பா, இப்ப பத்த வச்சா அடங்கி எரியும். காஞ்சுட்டா அப்புறம் வைக்க முடியாது" என்றார். குழாயைக் காட்டினேன், 1.2. "அண்ணா, அஞ்சு சென்ட்கூட இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை. குவியலுக்குப் போய்க் கையை உள்ளே விட்டோம். மேலே ஒரு சாண் ஈரம், சருகு கையில் ஒட்டியது. அதற்குக் கீழே குச்சி படக் படக்கென்று ஒடிந்தது, சில்வர் ஓக் இலை கையில் தூளானது. அன்று மதியம் வெயில் அடித்ததும் மேல் ஈரமும் போய்விட்டது, மூன்று மணிக்குக் காற்றும் கிளம்பியது. புல்லும் சருகும் ஒரே வெயிலில் காய்ந்துவிடும், கட்டைக்குத்தான் நாள் பிடிக்கும். குவியலைக் கொளுத்தாமல் சரிவில் குழி வெட்டி மூடினோம். நான்கு ஆள் கூலி ஆனது. பனிக்காலத்தில் எதையும் எரிப்பதில்லை என்று அன்றே இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். சத்தத்தை வைத்து மழையை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூடவே வருகிற ஸ்குரு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கி மாற்றினேன். வெயில் படும் பக்கத்து எண்கள் மங்குகின்றன. புனலில் இலை அடைக்கும், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். காட்டெருமை ஒரு தடவை கம்பத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. இரும்புக் குழாயைச் சிமெண்ட் போட்டு நட்ட பிறகு சரி. இடம் முக்கியம். பக்கத்தில் 10 அடி மரமோ கூரையோ இருந்தால் அதிலிருந்து 20 அடியாவது தள்ளி நடுங்கள்.

இந்த மானி தீயைக் காட்டாது. அதற்கு இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு, பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. யார் வேண்டுமானாலும் பதியலாம், செலவில்லை. காட்டோரம் தோட்டம் உள்ளவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் கெட்டியாக இருந்து, உதிரியும் கிடைத்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். இப்போதைக்கு நான்கு. கீழ்க்கோத்தகிரி, அரவேணு பக்கம் யாராவது இதே மாதிரி வைத்திருந்தால் ஜனவரி, பிப்ரவரி அளவுகளைத் தேதியோடு சொல்லுங்கள். நோட்டில் எங்கள் அளவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாகத்தான் விட்டிருக்கிறோம்.