சோபா கம் பெட்டா, சுவர்க் கட்டிலா?

சென்னையில் ஒற்றை அறை வீடு. பகலில் அதுவே ஹால், இரவில் படுக்கையறை. விரித்தால் கட்டிலாகும் சோபா கம் பெட்டா, பகலில் சுவரோடு நிமிர்த்தி வைத்து இரவில் இறக்கிப் படுக்கும் சுவர்க் கட்டிலா, எதை வாங்குவது?

விலை: சோபா கம் பெட் மலிவு. சுவர்க் கட்டிலுக்கு கேஸ் ஸ்பிரிங் (கட்டிலை எளிதாகத் தூக்கி இறக்க உதவும் வாயு அழுத்தத் தண்டு), தச்சர் கூலி என்று செலவு ஏறும்.

இடம்: மடக்கிய சோபாவும் ஏறக்குறைய மூன்றடி ஆழத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிர்த்திய கட்டிலுக்கு ஒன்றரை அடி போதும். ஆனால் இறக்கும்போது எதிரே ஏழடி காலியாக வேண்டும். டீப்பாயை தினமும் நகர்த்த வேண்டியதுதான்.

தூக்கம்: பல சோபாக்களில் நடு மடிப்பு முதுகை உறுத்தும். சுவர்க் கட்டிலில் வழக்கமான மெத்தையே போடலாம். இலவம்பஞ்சு மட்டும் வேண்டாம், நிமிர்த்தினால் சரிந்து கீழே திரண்டுவிடும்.

சுவர்: ஓதம் ஏறிய சுவர், ஜிப்சம் தடுப்பு இரண்டிலும் கட்டிலை மாட்டாதீர்கள்.

வாடகை வீட்டுக்கு, எப்போதாவது வரும் விருந்தாளிக்கு சோபா சரி. சொந்த வீட்டில் தினமும் படுக்க என் ஓட்டு சுவர்க் கட்டிலுக்கே.